பந்தலுக்குள் வந்தவர்கள்

முதலில் வளைந்தது கம்பிதான்.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற வழியில் எங்கள் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அதில்தான் கொடியை ஓடவிட்டிருப்போம். கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டி முடித்ததும் பந்தலில் ஒரு இலைகூட இருக்காது. அண்ணாந்து பார்த்தால் வானத்துக்குக் கட்டம் போட்டதுபோல் வெறும் கம்பிகள் தெரியும். அப்படி ஒரு காலையில் நடுப்பந்தலைப் பார்த்தேன். ஓர் இடத்தில் கம்பிகள் உள்வாங்கித் தொங்கின. யாரோ மேலே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனதுபோல இருந்தது.

பந்தல் வேலை பார்க்கிறவரைக் கூப்பிட்டு, "இங்கன கம்பி தொஞ்சு கெடக்கு பாரு, இழுத்துக் கட்டு" என்றேன்.

அவர் ஏணியைச் சாய்த்து ஏறினார். கட்டிங் பிளேயரால் கம்பியை ஒரு தட்டு தட்டினார். கணீரென்று சத்தம் வந்தது.

"அண்ணே, வெறப்பா இருக்குண்ணே. எங்கன தொஞ்சிருக்கு?"

கையை நீட்டிக் காட்டினேன். அடுத்த கட்டத்தைத் தட்டினார். அங்கே பார்த்தேன். இப்போது அந்த இடம் தொங்கியது, பழைய இடம் நேராகிவிட்டது. நான் பார்க்கிற இடத்துக்கெல்லாம் அந்தப் பள்ளம் கூடவே நகர்ந்து வந்தது. வலது கண்ணைப் பொத்தினால் பள்ளம் இருந்தது. இடது கண்ணைப் பொத்தினால் இல்லை. அவரை இறங்கச் சொன்னேன்.

மருந்தடித்த புகைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்து அடித்துக் கண் எரிவது எங்களுக்குப் பழக்கம். பிறகு, புரை விழுந்திருக்கும், அறுப்பு முடியட்டும், போய்க் காட்டலாம் என்று வைத்துவிட்டேன். சிகரெட்டைப் பற்றி நினைக்கவேயில்லை. கல்லூரிக் காலத்தில் பிடித்த பழக்கம். ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்ற வைப்பேன். இருமல் வரும் என்று தெரியும், நெஞ்சு கெடும் என்று தெரியும். அட்டையில் அழுகிய வாயைப் படமாகப் போட்டிருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் குச்சியை உரசுவேன். அந்தப் படத்தைப் பார்க்கிற கண்ணையே அது தின்னும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த அறுப்பு முடிவதற்குள் இடது கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது. கறுப்பாகக்கூட இல்லை. பழைய தகரத்தின் நிறத்தில் ஒரு திட்டு, அவ்வளவுதான். ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. வலது கண் இருக்கிற தைரியத்தில் அதையும் ஓட்டினேன். ஒருநாள் காலையில் மனைவி காப்பி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளர் தெரிந்தது, அதைப் பிடித்திருந்த விரல்கள் தெரிந்தன, சேலைக் கரை தெரிந்தது, காதில் தோடுகூட மின்னியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எதுவும் இல்லை. இரண்டு கண்ணையும் திறந்துதான் வைத்திருந்தேன்.

"என்ன அப்பிடிப் பாக்குறீக?" என்று அந்த இல்லாத முகத்திலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி டம்ளரை வாங்கிக்கொண்டேன். காப்பி கொஞ்சம் சிந்தியது. வலது கண்ணும் கிளம்பிவிட்டது என்று அப்போது தெரிந்தது.

அதற்கப்புறம்தான் அவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

உச்சி வெயில் நேரம். பந்தலின் கடைசி வரிசையில் நாலைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மறுநாள் வரச்சொன்ன கூலியாட்கள் ஒருநாள் முந்தி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, "நாளைக்குத்தானம்மா வேலை, யாரு வரச்சொன்னது?" என்று குரல் கொடுத்தேன். யாரும் திரும்பவில்லை. பக்கத்தில் போனேன். எல்லாரும் ஒரே மாதிரிப் பச்சைத் துணி உடுத்தியிருந்தார்கள். சேலை இல்லை; கழுத்திலிருந்து கால்வரை நீண்ட அங்கி. தலையில் உயரமாக ஏதோ சுற்றியிருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி உடுத்துகிற யாரையும் நான் கண்டதில்லை. அங்கியின் நெஞ்சில் வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு பூ வேலைப்பாடு. அதன் இதழ்கள்வரை தெரிந்தன.

என்னை நடுங்க வைத்தது அதுதான். பக்கத்தில் இருக்கிற கல்தூண் எனக்கு மங்கல், என் கை மங்கல், பெண்டாட்டி முகம் இல்லவே இல்லை. ஆனால் அந்தப் பொத்தானில் இருந்த பூ அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது.

அவர்கள் பேசவில்லை. காலடியில் சருகு கிடந்தது, சத்தம் எழவில்லை. வரிசையாக நடந்து, நேராகக் கல்தூணுக்குள் நுழைந்து, மறுபக்கம் வராமல் போய்விட்டார்கள்.

நான் பேய்க்குப் பயந்தவனில்லை. ராவும் பகலும் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியவன். ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றியபோது உடம்பெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. பேய் என்றால்கூடப் பரவாயில்லை. ஊரில் நாலு பேரிடம் சொல்லலாம். புத்தி பேதலித்துவிட்டது என்றால் யாரிடம் சொல்வது? அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் தினமும் வரவில்லை, நினைத்தபோது வந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் எதிர்ச்சுவர் முழுக்கச் செங்கல் செங்கலாக அடுக்கிக்கொண்டே போகும், எங்கள் சுவரோ வெள்ளையடித்த சுவர். ஒருமுறை, முழங்கால் உயரமே இருந்த ஆண்கள் தொப்பி வைத்துக்கொண்டு கட்டிலுக்கடியிலிருந்து வரிசையாக வெளியேறி வாசலுக்குப் போனார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கெடுதலும் செய்யவில்லை. ஏதோ அவர்கள் வீட்டுக்குள் நான் தெரியாமல் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கண் மங்குகிறது என்பதை மட்டும் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். சாம்பாரை இலைக்கு வெளியே ஊற்றினால் எத்தனை நாள் மறைக்க முடியும்? முதலில் வீரபாண்டி அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். கண் போன ராஜாவுக்கு அங்கேதான் பார்வை திரும்பியதாம். ஒரு கண்ணை மாரியம்மனும் மறு கண்ணை ஈஸ்வரனும் கொடுத்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கண் வடிவத்தில் வெள்ளிக் கண்மலர் வாங்கி அம்மனுக்குச் சாத்துவதாக வேண்டியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை போனோம். நல்ல கூட்டம். தரிசனம் முடிந்து ஆற்றங்கரையில் நின்றபோது, முல்லையாற்றில் குளிக்கிறவர்களுக்கு நடுவே அந்தப் பச்சை அங்கிப் பெண்கள் நிற்பதைப் பார்த்தேன். தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. அவர்கள் துணி அசையவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் முங்கி எழுந்து தலையை உதறினார். அந்தத் தண்ணீர் அவர்கள்மேல் படவில்லை. கூட்டத்தில் யார் நிஜம், யார் இல்லை என்று ஒவ்வொருவராகத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. கடைசியில் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, கிறுகிறுன்னு வருதா?"

"வீட்டுக்குப் போவோம், வா."

எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியில் சொன்னதால் அந்த வருஷம் எங்களோடு வந்து தங்கியிருந்தாள். அவளுக்கும் கண் எப்போதும் சிவந்துதான் இருந்தது. பையில் சொட்டு மருந்து வைத்துக்கொண்டு அடிக்கடி ஊற்றிக்கொள்வாள். லென்ஸ் போட முடியாமல் மறுபடி கண்ணாடிக்கு மாறியிருந்தாள். "நாள் பூரா அந்தப் பெட்டியப் பாத்தா கண்ணு என்னத்துக்காகும்" என்று அவள் அம்மா திட்டுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த கவாத்து முடிந்து பந்தல் மொட்டையாக நின்ற ஒரு மத்தியானம், வெறுமனே தோட்டத்துக்குப் போனேன். காற்றே இல்லை. மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. மோட்டார் ரூம் பக்கம் திரும்பியபோது திராட்சை வாசம் வந்தது.

நின்றுவிட்டேன். பந்தலில் ஒரு பூகூடக் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலும் காய் இல்லை. அதுமட்டுமில்லை, அது எங்கள் பன்னீர் திராட்சையின் வாசமே இல்லை. இனிப்பு தூக்கலாக, சின்ன வயதில் கடையில் வாங்கித் தின்ற மிட்டாயின் வாசம். இத்தனை நாள் வந்தவர்களுக்குச் சத்தம் கிடையாது, வாசனை கிடையாது. அதை வைத்துத்தான், இது கண்ணோடு நிற்கிற சமாச்சாரம் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வாசனையும் வந்துவிட்டது.

மோட்டார் ரூமின் மூலையிலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பியது. ஆள் உயரத்துக்கு எழுந்து, தலைபோல் திரண்டு, கம்பிகளுக்கு நடுவே கரைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

வாய்விட்டுச் சொன்னேன்: "யாரா இருந்தாலும் போயிருங்க. இத்தன நாளு வந்தீக, நான் ஒண்ணும் சொல்லல. இது எங்க வீட்டுப் புள்ள நடமாடுற எடம். போயிருங்க."

மூலையிலிருந்து, "அப்பா... நான்தான்ப்பா" என்று மகளின் குரல் கேட்டது.

வெளியே வந்தாள். கையில் பேனா மாதிரி ஒன்று. பின்னால் மறைக்கப் போனவள் மறைக்கவில்லை.

"யாரப் போகச் சொன்னீகப்பா?"

நான் அவள் கையைக் காட்டி, "அது என்ன ஆத்தா?" என்றேன்.

"வேப். பேட்டரில ஓடுறது."

"நம்ம நாட்டுல அத விக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?"

"கெடைக்குதுப்பா." தரையைப் பார்த்தபடியே, "சிகரெட் மாதிரி இல்ல இது. புகையே கெடையாது. திராட்சை வாசம் போட்ட வெறும் ஆவிதான்" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிரிப்பும் வந்தது. மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தேன். "ஆவியத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அவள் திடுக்கிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குத் திட்ட வரவில்லை. சட்டைப்பையில் என் பாக்கெட் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன திட்டுவது? பச்சை அங்கிக்காரிகளைச் சொன்னேன். பொத்தானில் இருந்த பூவைச் சொன்னேன். கட்டிலுக்கடியிலிருந்து வந்த குள்ளர்களைச் சொன்னேன். ஆற்றில் நனையாமல் நின்றதைச் சொன்னேன். எல்லாம் முடிந்தபிறகு மெதுவாக, "இப்ப இருக்காகளாப்பா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். "அங்கன, மூணாவது தூணுக்கிட்ட ஒருத்தி நிக்கா."

அவள் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்கும் பயம். ஆனாலும் எழுந்து, அந்தத் தூணுக்குப் போய், அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள்.

"யாருமில்லப்பா. நாளைக்கு டாக்டர்ட்டப் போறோம். அம்மாகிட்ட நானே சொல்றேன்."

மறுநாள் தேனியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நடுவயதுப் பெண். இரண்டு கண்ணுக்கும் மருந்து ஊற்றி, மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, படமெடுத்துப் பார்த்தார். கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, கோடெல்லாம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். பந்தலில் என்ன தெரிந்ததோ அதுவே அட்டையிலும் தெரிந்தது.

"சிகரெட் உண்டா?" என்றார் படத்திலிருந்து தலையை எடுக்காமல்.

"உண்டு."

"ரொம்ப வருஷமா?"

"ஆமாங்க."

விழித்திரையின் நடுவில் ஒரு பொட்டு இடம் இருக்கிறது, படிப்பதும் முகம் பார்ப்பதும் அதனால்தான் என்றார். அதற்கடியில் இருக்கக்கூடாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிந்திருக்கின்றன. இடதில் கசிந்து தழும்பாகிவிட்டது. அது இனி திரும்பாது. வலதில் கசிவு மட்டும்தான், இன்னும் தழும்பாகவில்லை. வயதானால் சிலருக்கு வருகிற நோய்தான். "ஆனா புகை பிடிக்கிறவங்களுக்கு சீக்கிரமா வரும், நிறைய பேருக்கு வரும். புகையில இருக்கிற விஷம் ரத்தத்துல கலந்து கண்ணுக்குள்ளயும்தான் போகுது. புரையும் அவங்களுக்கு முந்திக்கிட்டு விழும்" என்றார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஐயா, ஒண்ணு கேக்கிறேன், பயப்படாம சொல்லுங்க. இல்லாத ஆளுங்க, உருவம், டிசைன், அந்த மாதிரி ஏதாவது தெரியுதா?"

மகள் என் தோளில் கை வைத்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"பேச மாட்டாங்க, இல்லையா?"

"பேச மாட்டாக."

"புத்தி நல்லா இருக்கு உங்களுக்கு. கண்ணு தகவல் அனுப்பாத எடத்துல மூளை தானா படம் போட்டுக்குது. பார்வை போற நிறைய பேருக்கு இது இருக்கு. பைத்தியம்னு சொல்லிருவாங்கன்னு வெளிய சொல்றதில்ல. அவங்க வந்தா கண்ணை மாத்தி மாத்தி ரெண்டு பக்கமும் வேகமா அசைங்க, வெளிச்சத்தப் போடுங்க. போயிருவாங்க."

அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். ஒரு கண் போய்விட்டது என்று சொன்னதற்கு வராத அழுகை அது.

மகள் தன் கைப்பையைத் திறந்து அந்தப் பேனாவை மேசைமேல் வைத்தாள். "இதுவும் கண்ணக் கெடுக்குமா டாக்டர்? இதுல புகை இல்ல" என்றாள்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார். கண்ணின் மேற்பரப்பு காய்ந்து கிடக்கிறது, கண்ணீர் தங்காமல் வற்றிவிடுகிறது, லென்ஸ் உறுத்துவதும் சாயங்காலம் மங்குவதும் அதனால்கூட இருக்கலாம் என்றார். "கம்ப்யூட்டரும் ஒரு காரணம்தான், இல்லைங்கல. ஆனா இந்த ஆவி கண்ணை எரிச்சலாக்கும். நிக்கோடின் எதுல வந்தாலும் நிக்கோடின்தான், ரத்தக்குழாயைச் சுருக்கும். இது வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகுது. அப்பாவுக்கு ஆனது உனக்கும் ஆகுமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது. தெரியிற வரைக்கும் உன் கண்ணை வச்சுப் பாக்கணுமா?"

வலது கண்ணுக்கு ஊசி போட மதுரைக்கு அனுப்பினார். கண்ணுக்குள்ளேயே ஊசி. மரத்துப்போக மருந்து ஊற்றி, இமை மூடாமல் இருக்க ஒரு கம்பி மாட்டி, மேலே பார்க்கச் சொல்வார்கள். வலி பெரிதாக இல்லை. ஆனால் மருந்து உள்ளே இறங்குவது தெரியும். தெளிந்த தண்ணீரில் மைத்துளி விழுந்ததுபோல் கறுப்பாகச் சுருள் சுருளாக விரிந்து, மெல்லக் கீழே போகும். முதல்தரம் பார்த்தபோது, உள்ளே இருக்கிற அவர்களில் ஒருவர்தான் இறங்கிப் போகிறார் என்று தோன்றியது. இன்னும் அவ்வப்போது போய்ப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வலது கண் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, மேலும் மோசமாகவில்லை. நல்ல வெளிச்சத்தில் பேப்பர் படிக்கிறேன். வண்டி ஓட்டுவதில்லை.

சிகரெட்டை விட்டேன். ஒரே நாளில் விட்டேன் என்று பெருமை பேச முடியாது. ஏலக்காயை மென்றேன், டாக்டர் சொன்ன சூயிங்கத்தை மென்றேன், மனைவிமேல் எரிந்து விழுந்தேன், டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். இரண்டு தடவை தவறினேன். மகளும் தவறினாள். பெங்களூருக்குத் திரும்பிய பிறகு போனில், "இன்னைக்கு இல்லப்பா" என்று அவள் சொல்வாள். "எனக்கும் இல்ல ஆத்தா" என்று நான் சொல்வேன். அவள் சொல்வதெல்லாம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. போன முறை வந்தபோது லென்ஸ் போட்டிருந்தாள், வெளிச்சத்தில் பார்த்தேன், கண்ணில் சிவப்பு இல்லை.

விஷயம் தெரிந்தபிறகு ஒரு கூத்தும் நடந்தது. தோட்டத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் அசையாமல் நிற்பதைப் பார்த்து, டாக்டர் சொன்னபடி கண்ணை இரண்டு பக்கமும் உருட்டினேன். போகவில்லை. சரி, போகாவிட்டால் போ என்று நேராக நடந்தேன். நெஞ்சோடு நெஞ்சு மோதியது. "எந்தா சேட்டா!" என்று மலையாளத்தில் அலறினார். குமுளியிலிருந்து பழம் பார்க்க வந்த வியாபாரி.

இப்போதெல்லாம் அவர்கள் எப்போதாவதுதான் வருகிறார்கள். டாக்டர் சொன்ன வித்தையைச் செய்தால் கலைந்துவிடுகிறார்கள். சில நாள் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மனைவிக்கு முதலில் இதெல்லாம் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னைக்கு யாரும் வந்தாகளா?" என்று பக்கத்து வீட்டு விருந்தாளிகளைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்பாள். போன மாதம் ஒரு சாயங்காலம் அப்படிக் கேட்டாள். செங்கல் சுவருக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னேன்.

கீரை ஆய்ந்த கை நின்றது.

"மஞ்சச் சேலையா?"

அவளுடைய தங்கை கல்யாணமான மறுவருஷமே காய்ச்சலில் இறந்துபோனவள். மஞ்சள் சேலையில் எடுத்த ஒரு போட்டோதான் அவள் நினைவாக எங்கள் வீட்டில் இருக்கிறது.

"இல்ல. பச்ச அங்கி. எப்பவும் வர்றதுதான்."

"நல்லாப் பாத்தீகளா? மொகத்தப் பாத்தீகளா?"

"பாத்தேன். நமக்குத் தெரிஞ்சவுக யாருமே வர்றதில்ல. எல்லாம் தெரியாத மொகந்தான்."

முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தாள் என்பது தெரிந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில், என்ன மாதிரி முகத்தை வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சவுக ஒருத்தராச்சும் வரக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு, கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.